ஒன்பது வயது டயர்கள்

2013 நவம்பர் 30, சனிக்கிழமை. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா நகரில் வலென்சியா என்ற பகுதி. ஹையான் புயலில் வீடு வாசல் இழந்த பிலிப்பைன்ஸ் மக்களுக்காக அங்கே ஒரு கார்க் கடையில் நன்கொடை திரட்டும் நிகழ்ச்சி நடந்தது. மதியம் மூன்றரை மணி வாக்கில் இரண்டு நண்பர்கள் சும்மா ஒரு ரவுண்டு போய்வரலாம் என்று கிளம்பினார்கள். ஓட்டியவர் ரோஜர் ரோடாஸ், வயது 38. பக்கத்து இருக்கையில் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ படங்களால் உலகம் அறிந்த நடிகர் பால் வாக்கர், வயது 40. வண்டி, 2005ஆம் ஆண்டின் சிவப்பு போர்ஷே கரேரா ஜிடி.

கடைக்குக் கூப்பிடு தூரத்தில் ஹெர்குலிஸ் தெரு. அலுவலகங்களும் கிடங்குகளும் நிறைந்த பேட்டை. சனிக்கிழமை என்பதால் நடமாட்டம் குறைவு. அங்கே ஒரு வளைவில் வண்டி கட்டுப்பாட்டை இழந்து பாதி சுழன்று நடைபாதை மேல் ஏறியது. ஓட்டுநர் பக்கம் முதலில் ஒரு மரத்திலும் அடுத்து ஒரு விளக்குக் கம்பத்திலும் மோதியது. மோதிய வேகத்தில் வண்டி மறுபடி சுழன்று, இந்த முறை பயணி பக்கம் இன்னொரு மரத்தில் அடித்துத் தீப்பற்றியது. புகையைப் பார்த்துக் கடையிலிருந்தவர்கள் தீயணைப்புக் குப்பிகளோடு ஓடினார்கள். பயன் இல்லை. இருவரும் அங்கேயே இறந்தார்கள்.

வேறு வண்டி எதுவும் குறுக்கே வரவில்லை. மழை இல்லை. மது இல்லை, போதை இல்லை. சீட் பெல்ட் போட்டிருந்தார்கள், ஏர்பேக்குகளும் விரிந்தன. அப்படியிருக்க என்னதான் நடந்தது?

2014 மார்ச்சில் விசாரணை அறிக்கை வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட ஷெரிஃப் துறையும் கலிபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் பிரிவும் சேர்ந்து நடத்திய விசாரணை அது; போர்ஷே பொறியாளர்களும் உதவினார்கள். வண்டியில் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்றது அறிக்கை. வேகம் மணிக்கு 80 முதல் 93 மைல் வரை, அதாவது ஏறத்தாழ 129 முதல் 150 கிலோமீட்டர். அந்தச் சாலையின் வேக வரம்பு 45 மைல், நம் கணக்கில் 72 கிலோமீட்டர். இன்னொன்றையும் அறிக்கை குறித்தது: டயர்களுக்கு ஒன்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

செய்தித்தாள்கள் வேகத்தைத் தலைப்பில் போட்டன, டயரைக் கடைசிப் பத்தியில் போட்டன. அதில் தப்பில்லை, வேகம்தான் முதல் காரணம். ஆனால் இப்படிப்பட்ட ஒரு வண்டியை வீட்டில் வைத்திருப்பவருக்கு அந்தக் கடைசிப் பத்தியில்தான் பாடம் அதிகம். வேகமாகப் போகிறோம் என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியும். டயர் உள்ளுக்குள் கல்லாகிவிட்டது என்பது வளைவுக்குள் நுழையும்வரை தெரியாது.

வண்டியின் வம்சம்

கரேரா ஜிடி சாலைக்கென்று பிறந்த வண்டி இல்லை. 1990களில் ஃபார்முலா 1-க்காகத் தொடங்கிய வேலை ஒன்றிலிருந்து வி10 என்ற பத்து சிலிண்டர் இன்ஜின் உருவானது. அதை வைத்து லெ மான் பந்தயத்துக்கு ஒரு கார் கட்ட போர்ஷே திட்டமிட்டது. 1999இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வேலை செய்து முடித்த இன்ஜின் வீணாகக் கிடக்கவேண்டாமே என்று அதைச் சுற்றி ஒரு சாலைக் காரை வரைந்தார்கள். 2000ஆம் ஆண்டு பாரிஸில் மாதிரி வண்டியைக் காட்டினார்கள். லைப்சிக் தொழிற்சாலையில் 2003இல் தயாரிப்பு தொடங்கியது. 1,500 வண்டி என்பது திட்டம், 1,270-இல் நிறுத்திக்கொண்டார்கள்.

5.7 லிட்டர் இன்ஜின், 612 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,400 சுற்று வரை தூக்கும். எடை 1,380 கிலோ. டன்னுக்கு 440-க்கு மேல் குதிரைத்திறன் வருகிறது. நம் தெருக்களில் ஓடும் சாதாரண ஹேட்ச்பேக்கில் இதே கணக்கு நூறைத் தொடவே திணறும். உச்ச வேகம் 330 கிலோமீட்டர். அமெரிக்காவில் அன்றைய விலை சுமார் 4,40,000 டாலர்.

இந்த எண்களைச் சுவரொட்டியாக ஒட்டிக்கொள்ளலாம். வண்டியின் குணத்தைத் தெரிந்துகொள்ள கிளட்ச்சைப் பார்க்கவேண்டும். செராமிக் கூட்டுப்பொருளில் செய்த இரட்டைத் தட்டு கிளட்ச். விட்டம் 169 மில்லிமீட்டர், காபி சாஸர் அளவுதான். இன்ஜினைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைப்பதற்காக இவ்வளவு சிறிதாக்கினார்கள். அதன் விலையை ஓட்டுகிறவன் முதல் கியரிலேயே கொடுத்தாகவேண்டும். நாமெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் கற்றது, கிளட்ச்சை விடும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கவேண்டும் என்பது. இந்த வண்டியில் அப்படிச் செய்தால் தலையை ஆட்டிவிட்டு ஆஃப் ஆகிவிடும். வலது காலைச் சும்மா வைத்துக்கொண்டு கிளட்ச்சை மட்டும் மெல்ல மெல்ல விடவேண்டும். இன்ஜின் தானாகவே தன் சுற்றைத் தாங்கிப்பிடித்து வண்டியை உருட்டிக்கொண்டு போகும். லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியவர் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டியை ஆஃப் ஆக்கிவிட்டு அசடு வழிவது இந்த வண்டியின் சொந்தக்காரர்களிடையே பழைய கதை.

இருபது வருடப் பழக்கத்தைக் கால் மறக்கவேண்டும் என்று கிளம்பும்போதே இந்த வண்டி கேட்கிறது. நகரத்தில் அது வெறும் சங்கடத்தோடு போய்விடும். வளைவில் கேட்கும்போது நிலைமை வேறு.

கால் எடுக்கும் கணம்

வளைவில் சற்று அதிக வேகத்தில் நுழைந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மனிதனின் முதல் எதிர்வினை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. முன்சக்கரம் இழுக்கும் சாதாரணக் காரில் பெரும்பாலும் அது காப்பாற்றும். கரேரா ஜிடி மாதிரி இன்ஜின் நடுவில் இருக்க, பின்சக்கரம் தள்ளும் காரில், காலைச் சட்டென்று எடுத்தால் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின்டயர்கள் தரையை அழுத்துவது குறைகிறது. வளைவைப் பிடித்துக்கொண்டிருந்தவையே அந்தப் பின்டயர்கள்தான். கரேரா ஜிடி இன்ஜினில் சுழலும் பாகங்கள் எடை குறைந்தவை, ஆகவே காலை எடுத்த மாத்திரத்தில் சுற்று விழுந்து, பிரேக் போட்டது மாதிரி பின்சக்கரங்களை இழுத்துப் பிடிக்கும். வால் வெளியே வீசும்.

வீசும் வாலை ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்கலாம். எல்லா வண்டியிலும் அதற்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. கனமெல்லாம் நடுவில் குவிந்த வண்டியில் அவகாசம் மிகக் குறைவு. பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கனம் அச்சுக்குப் பக்கத்தில் இருந்தால் சுழற்றுவது சுலபம். பந்தயத்தில் வண்டி சொன்னவுடன் திரும்பவேண்டும் என்பதற்காகத்தான் அப்படிக் கட்டுகிறார்கள். அதே குணம் சறுக்கும்போது எதிரியாகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் மின்னணு உதவி பற்றிய சர்ச்சை. கரேரா ஜிடியில் ஏபிஎஸ் உண்டு, டிராக்ஷன் கன்ட்ரோல் உண்டு, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது ஏபிஎஸ். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சக்கரம் வெறுமனே சுழலாமல் பார்ப்பது டிராக்ஷன் கன்ட்ரோல். இரண்டையும் அழுத்தாமல் காலை எடுத்த கணத்தில் வண்டி பக்கவாட்டில் திரும்பினால் இரண்டுக்கும் பெரிதாக வேலை இல்லை. அந்தக் கணத்தில் ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியை நேராக்க முயல்வது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். அமெரிக்காவில் இது 2012 மாடல் ஆண்டு முதல்தான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. 2005 வண்டியில் இல்லாதது சட்டமீறல் ஆகாது. ஆனால் போர்ஷேயின் மற்ற வண்டிகளில் அப்போதே இருந்ததுதான்.

இருந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார்களா? என் கருத்து: வாய்ப்பு கூடியிருக்கும், உத்தரவாதம் இல்லை. அந்தக் கருவி டயரில் இருக்கிற பிடிமானத்தைப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் முடியும், புதிதாக உண்டாக்க முடியாது. பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

பென்சில் டப்பாவின் அடியில் கிடந்த ரப்பர்

பள்ளிக்கூடத்தில் பென்சில் டப்பாவின் அடியில் ஒரு பழைய ரப்பர் கிடக்குமே, நினைவிருக்கிறதா? பார்க்க முழுசாகத்தான் இருக்கும். தாளில் வைத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும், கரியைத் தீற்றிவிடும், எழுத்து அழியாது. புது ரப்பர் தாளைக் கவ்வும். டயருக்கு நடப்பதும் இதுவே. காற்றின் ஆக்சிஜனும் வெப்பமும் வெயிலும் ரப்பரின் மென்மையை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சுகின்றன. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும் குணம் போய்விடுகிறது. பிடி குறைவது மட்டும் பிரச்சினை என்றால் மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம். நல்ல டயர் விடுவதற்கு முன் கீச்சிட்டு, லேசாக வழுக்கி எச்சரிக்கும். இறுகிப்போன டயர் அந்த முன்னறிவிப்பையும் சுருக்கிவிடும்.

சூப்பர் கார்களுக்கு இது தனிப்பட்ட சாபம். தினமும் ஓடும் வண்டியில் பட்டன், அதாவது டயர் மேல் வெட்டியிருக்கும் வரிகள், தேய்ந்துவிடும், நாமும் மாற்றிவிடுவோம். வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் பட்டன் அப்படியே நிற்கும், ரப்பர் செத்திருக்கும். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தால் விலை கூடும் என்பதால் சொந்தக்காரர்களும் வண்டியை வெளியே எடுக்கத் தயங்குகிறார்கள். தயக்கம் கூடக் கூட டயருக்கு வயதாகிறது, ஓட்டுகிறவர் கையும் பழக்கம் விட்டுப்போகிறது.

என் மாமா ஒருவரிடம் பத்து வருடத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத கார் ஒன்று இருந்தது. “டயரைப் பாரு மாப்ள, புதுசு மாதிரி இருக்கு” என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார். குனிந்து பக்கச் சுவரைப் பார்த்தேன். வறண்ட கண்மாய் மாதிரி மெல்லிய வெடிப்புகள். DOT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 2209 என்றால் 2009ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். மாமாவின் டயரில் இருந்ததும் அதையொட்டிய எண்தான். ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கொரு முறை டயரைப் பரிசோதிக்கச் சொல்கிறது டயர் நிறுவனமான மிச்செலின். பத்து வருடம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடச் சொல்கிறது. மாமா ஓட்டுவது மணிக்கு அறுபது கிலோமீட்டரில். அவருக்கே இது பொருந்தும் என்றால் 612 குதிரைக்கு எப்படி என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். வளைவில் டயரிடம் நாம் கேட்கும் பக்கவாட்டுப் பிடி, வேகத்தின் வர்க்கத்துக்கு, அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கினால் வரும் எண்ணுக்கு, ஏற்பக் கூடுகிறது. 72 கிலோமீட்டரில் கேட்பதைப்போல 129-இல் மூன்று மடங்குக்கு மேல். 150-இல் நான்கு மடங்குக்கும் மேல். மோதும்போது வெளிப்படும் ஆற்றலுக்கும் இதே கணக்குதான். ஹெர்குலிஸ் தெரு வளைவில் கேட்டது மூன்று, நான்கு மடங்கு. கொடுக்கவேண்டியவையோ ஒன்பது வயது டயர்கள்.

திறமை இல்லாதவரா?

இல்லை என்பதுதான் இந்த நிகழ்வின் கசப்பு. ரோடாஸ் பந்தய ஓட்டுநர். பைரெல்லி வேர்ல்ட் சேலஞ்ச் தொடரில் ஓடியவர். வாக்கரும் பந்தயத் தடத்தில் அனுபவம் உள்ளவர். “காசு இருக்கிறது, ஓட்டத் தெரியவில்லை” என்று இணையத்தில் எழுதியவர்கள் அறிக்கையைப் படிக்காதவர்கள்.

பந்தயத் தடத்தில் திறமைக்குத் துணையாகப் பல இருக்கின்றன. தடம் ஓரிரு சுற்றிலேயே பரிச்சயமாகிவிடும். டயர் சூடேறியிருக்கும். சறுக்கினால் ஓடி நிற்கப் புல்வெளியோ சரளைப் பரப்போ இருக்கும், அதற்கப்பால் டயர் அடுக்கோ தடுப்போ. ஹெர்குலிஸ் தெருவில் இருந்தது நடைபாதைக் கல், மரம், கம்பம். நல்ல ஓட்டுநருக்கும் சில அடி தவறும். தடம் அந்தச் சில அடியை மன்னிக்கும், தெரு மன்னிக்காது. கடையிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் டயர் முழுதாகச் சூடேறியிருக்கவும் வழியில்லை.

ஆனால் தடம் என்றாலே பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 2005 ஜூன் 2, அதே கலிபோர்னியா, ஃபான்டானாவில் உள்ள கலிபோர்னியா ஸ்பீட்வே. ஃபெராரி சொந்தக்காரர்களின் சங்கம் நடத்திய தடநாள், அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். அதிவேகத்தில் வந்துகொண்டிருந்த ஒரு கரேரா ஜிடியின் முன்னால் கார்கள் ஒதுங்கி நிற்கும் பிட் பாதையிலிருந்து ஒரு ஃபெராரி தடத்துக்குள் நுழைந்தது. அதைத் தவிர்க்க ஒதுங்கியபோது போர்ஷேயின் வால் வீசி, வண்டி கான்கிரீட் சுவரில் மோதியது. ஓட்டியவரும் உடன் இருந்தவரும் இறந்தார்கள். உடன் இருந்தவரின் குடும்பம் வழக்குப் போட்டது. 2007இல் சுமார் 45 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. அதில் பாதியை ஒட்டிய பங்கு ஓட்டியவரின் சொத்திலிருந்து வந்தது; தடமும் சங்கமும் நாற்பது சதவீதம் அளவுக்கு ஏற்றன; போர்ஷே கொடுத்தது பத்து சதவீதத்துக்கும் குறைவு. எல்லா ரிஸ்க்கும் தன்னுடையதே என்று உடன் இருந்தவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும் இவ்வளவு நடந்தது.

எட்டு வருட இடைவெளி, ஒன்று தடம், ஒன்று தெரு. இரண்டிலும் வண்டி ஒரே விதமாகத்தான் நடந்துகொண்டது.

நீதிமன்றத்தில்

வலென்சியா விபத்துக்குப் பிறகு வழக்குகள் வரிசையாக வந்தன. ரோடாஸின் மனைவி போர்ஷே மீது தொடுத்த வழக்கை 2016 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிபதி தள்ளுபடி செய்தார். வண்டியின் குறைபாட்டால் மரணம் நேர்ந்தது என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்பது தீர்ப்பின் சாரம். வாக்கரின் மகள் 2015 செப்டம்பரில் வழக்குத் தொடுத்தார். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லாததும் சீட் பெல்ட்டின் அமைப்பும் அவருடைய முக்கியக் குற்றச்சாட்டுகள். வண்டி முறையாகப் பராமரிக்கப்படவில்லை, மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன, தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று போர்ஷே பதில் சொன்னது. 2017 அக்டோபரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள், விவரம் வெளியிடப்படவில்லை. ரோடாஸின் சொத்திலிருந்து மகளுக்கு 1 கோடியே 1 லட்சம் டாலர் வந்தது தனி.

ஆகவே ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருந்திருந்தால் என்ற கேள்விக்கு நீதிமன்றத் தீர்ப்பு என்று ஒன்று கிடையாது. பராமரிப்பு என்ற சொல் மட்டும் ஆவணத்தில் ஏறிவிட்டது. பழைய சூப்பர் காரை வைத்திருக்கும் யாரும் அதைக் கவனிக்கவேண்டும்: டயரை மாற்றாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு தயாரித்தவர் முதலில் நீட்டும் விரல் அந்தத் திசையில்தான் இருக்கும்.

இன்று ஒன்றை வைத்திருப்பவர்

வண்டிகள் பிறந்து இருபது வருடம் கடந்துவிட்டன. 2023இல் போர்ஷே கரேரா ஜிடி சொந்தக்காரர்களிடம் வண்டியை எடுக்கவே வேண்டாம் என்று சொன்னது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் விஷ்போன் என்ற சஸ்பென்ஷன் கைகளில் இருக்கும் உருண்டை மூட்டுகள் உப்புப் பட்டால் அரித்து உடையக்கூடும் என்று தெரியவந்தது. அமெரிக்காவில் மட்டும் 489 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கோடிகளில் விலை போகும் வண்டிகள், பாகம் வரும்வரை ஷெட்டில் போர்வை போர்த்தி நின்றன. எங்கேயும் போகாமல் பொத்திப் பொத்தி வைத்தாலும் உலோகமும் ரப்பரும் மூப்படைகின்றன என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

டயர் பக்கம் நல்ல செய்தியும் உண்டு. மிச்செலினும் போர்ஷேயும் சேர்ந்து அதே 2013ஆம் ஆண்டே இந்த வண்டிக்கென்று புதிய தலைமுறை பைலட் சூப்பர் ஸ்போர்ட் டயரைக் கொண்டுவந்தன. வலென்சியாவில் ஓடிய வண்டியின் காலில் அது இல்லை. பிறகு பைலட் ஸ்போர்ட் கப் 2 வகையிலும் கரேரா ஜிடிக்கான டயர் வந்தது. 2004இல் வால்டர் ரோர்ல், இரண்டு முறை உலக ராலிச் சாம்பியன், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குத் தடத்தை இந்த வண்டியில் 7 நிமிடம் 28 வினாடியில் சுற்றினார். 2024இல் யோர்க் பெர்க்மைஸ்டர் புது டயர்களோடு 7 நிமிடம் 12 வினாடியில் சுற்றினார். அதே இன்ஜின், அதே 612. முழுப் பெருமையும் டயருக்கே என்று சொல்லமாட்டேன், இடையில் சஸ்பென்ஷன் வேலையும் நடந்திருக்கிறது. ஆனால் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்திருக்கவேண்டும்.

வண்டியை எடுக்கும் நாளில் சொந்தக்காரர் செய்யவேண்டியவை சுவாரஸ்யம் இல்லாத வேலைகள். குளிர்ந்த டயரில் காற்றழுத்தம் பார்ப்பது. முதல் பதினைந்து, இருபது நிமிடம் ஆயிலும் டயரும் சூடேறும்வரை வண்டியை வேலை வாங்காமல் இருப்பது. டிராக்ஷன் கன்ட்ரோல் பட்டனைத் தொடாமல் விடுவது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே போனபின் வலது காலைத் திடீரென்று எடுக்காமல் ஒரே சீராக வைத்திருப்பது. இதைப் பகுத்தறிவால் புரிந்துகொண்டால் போதாது, பயிற்றுநரை அருகில் வைத்துக்கொண்டு ஈரமான பயிற்சித் தளத்தில் கால் பழகும்வரை செய்து பார்க்கவேண்டும். நண்பர்கள் கூடியிருக்கும்போது, “ஒரு ரவுண்டு போகலாமா?” என்று யாராவது கேட்டால் சாவியைக் கொடுக்காமலிருப்பது எல்லாவற்றிலும் கஷ்டமானது.

டயர் வாங்கும்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்னால் 19 அங்குலம், பின்னால் 335 மில்லிமீட்டர் அகலத்தில் 20 அங்குலம் என்று 1,270 வண்டிகளுக்காகவே போடும் டயர் கடையில் தினமும் வந்து இறங்குவதில்லை. கிடங்கிலேயே வருடக்கணக்கில் கிடந்திருக்கலாம். பில் போடச் சொல்வதற்கு முன் நான்கு டயரையும் உருட்டி, அந்த நான்கு இலக்கத்தைத் தனித்தனியாகப் படித்துவிட வேண்டும். ஒன்று மட்டும் பழையதாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.